கல் அறிதலும் விலை அறிதலும்: ஆனந்த குமாரசாமி கண்ட தோரியனைட்டு

முன்னுரை

சேலம், நாமக்கல் மாவட்டங்கள் கல்லால் பெயர் பெற்றவை. சேலத்தை அடுத்த சுண்ணாம்புக் கரட்டின் வெள்ளைக்கல், கஞ்சமலையின் இரும்புக்கல், சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் உள்ள பாக்சைட்டு, பரமத்தி வேலூர்ப் பகுதியில் சித்தம்பூண்டிப் பாறைகளில் காணப்படும் குரோமைட்டு என இவ்வட்டாரத்தின் நிலவளத்தை அடுக்கிக்கொண்டே போகலாம். போதமலையையும் அலவாய்மலையையும் பார்த்து வளரும் இராசிபுரத்துப் பிள்ளைகளுக்கு, மண்ணுக்குள் செல்வம் இருக்கிறது என்பது புதிய செய்தியன்று.

ஆயினும் கல்லைப் பற்றிய அறிவு வளர்ந்த அளவுக்குக் கல்லைப் பற்றிய கட்டுக்கதையும் வளர்ந்துள்ளது. அரிசியை ஈர்க்கும் கலசம், இரிடியம், யுரேனியக் கல் என்னும் பெயர்களைச் சொல்லி, கோடி ரூபாய் பெறும் என்று ஆசை காட்டி, எளிய மக்களின் சேமிப்பைப் பறிக்கும் மோசடிகள் தமிழ்நாட்டில் மீண்டும் மீண்டும் நடக்கின்றன. நிலத்தை விற்றவரும், மகளின் திருமணத்திற்கு வைத்திருந்த நகையை இழந்தவரும் உண்டு. இவர்கள் அனைவரும் படிக்காதவர்கள் என்று கூறிவிட இயலாது. பட்டம் பெற்றவர்களும் ஏமாந்திருக்கின்றனர்.

எனவே, யுரேனியம் கலந்த ஓர் அரிய கனிமத்தை உண்மையில் எவ்வாறு இனங்காண்பது, அதன் மதிப்பை எவ்வாறு கணிப்பது என்னும் வினாக்களுக்கு விடை தேடுவது காலத்தின் தேவையாகும். இதற்கு நாம் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன், இலங்கையில் ஒரு தமிழ்க் குடும்பத்து இளைஞர் இத்தகைய கனிமம் ஒன்றை உலகிற்கு அறிமுகப்படுத்தினார். அவர் ஆனந்த குமாரசாமி, அக்கனிமம் தோரியனைட்டு. அந்த வரலாற்றை வழித்துணையாகக் கொண்டு, கல் அறிதலையும் விலை அறிதலையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மணி நோட்டமும் நிறை நோட்டமும்

கல்லின் தரம் காண்பது தமிழர்க்குப் பழைய கலை. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில், மதுரையின் மணிக்கடைத் தெருவைக் காட்டும் இளங்கோவடிகள், வைரத்தின் காகபாதம் முதலான குற்றங்களையும் பிற மணிகளின் இயல்புகளையும் வகைப்படுத்திக் கூறுகிறார். நிறம், ஒளி, வடிவம், குற்றம் ஆகியவற்றைக் கண்ணால் கண்டு தரம் சொல்லும் முறை அது. பொன்னுக்கு உரைகல், மணிக்குக் கண்.

கண்ணின் நோட்டத்தோடு நிறையின் நோட்டத்தையும் சேர்த்துக் கல்லாய்வை அறிவியலாக்கியோருள் அல்பிரூனி தலையாயவர். கி.பி. 973இல் பிறந்த இப்பேரறிஞர், மணிகளையும் உலோகங்களையும் பற்றிக் ‘கிதாபுல் ஜமாஹிர்’ என்னும் நூலை இயற்றினார். பொருளை நீருள் அமிழ்த்தி, வெளியேறும் நீரை அளப்பதற்கெனத் தனியே ஒரு கலம் செய்து, பல மணிகளின், உலோகங்களின் ஒப்படர்த்தியை வியக்கத்தக்க நுட்பத்துடன் கணித்தார். மணிகளை ஒப்பிடுவதற்கு நீலக்கல்லை நூறு என்று அடிப்படையாகக் கொண்டார். அவருடைய அளவீடுகளை அல்காஸினி 1121இல் எழுதிய ‘மீஸானுல் ஹிக்மா’ என்னும் தராசு நூல் பேணித் தந்தது. ஒரே நிறமுடைய இரு கற்கள் கண்ணை ஏமாற்றலாம். அவற்றின் ஒப்படர்த்தி எளிதில் ஏமாற்றாது. தோரியனைட்டின் கதையிலும் இவ்வுண்மை முதன்மை பெறுவதைப் பின்னர்க் காண்போம்.

ஆனந்த குமாரசாமி

சிவ நடனத்தின் தத்துவத்தை உலகுக்கு விளக்கிய கலை அறிஞராகவே ஆனந்த குமாரசாமியை நம்மவர் அறிவர். அவர் முதலில் ஒரு நிலவியல் அறிஞர் என்பதைப் பலரும் அறியார். கொழும்பில் 1877 ஆகஸ்டு 22ஆம் நாள் பிறந்தார். தந்தை சர் முத்துக் குமாரசாமி. தாய் எலிசபெத் என்னும் ஆங்கிலப் பெண்மணி. தந்தையார் இலங்கைச் சட்டமன்றத்தில் தமிழர் சார்பில் வீற்றிருந்தவர். அரிச்சந்திரன் கதையைத் தமிழிலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்து 1863இல் வெளியிட்டவர். பொன்னம்பலம் இராமநாதனும் அருணாசலமும் ஆனந்தருக்கு அத்தை மக்கள்.

இரண்டு வயதிலேயே தந்தையை இழந்த ஆனந்தர் இங்கிலாந்தில் வளர்ந்தார். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் தாவரவியலும் நிலவியலும் கற்று 1900இல் சிறப்புத் தகுதியுடன் பட்டம் பெற்றார். பின்னர் தாயகம் திரும்பி, 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிம அளவைத் துறையின் இயக்குநராகப் பணியாற்றினார். அப்பணிக்கு வந்தபோது அவருக்கு வயது இருபத்தைந்துக்கு மேல் மிகுதியில்லை. அதே காலத்தில் கண்டிப் பகுதியில் கிடைத்த மற்றொரு புதிய கனிமத்தைப் பிரையர் என்னும் அறிஞருடன் சேர்ந்து ஆராய்ந்து வெளியிட்டார். அதற்குச் ‘செரெண்டிபைட்டு’ என்று பெயர் சூட்டினர். அரபு வணிகர்கள் இலங்கைத் தீவை வழங்கிய ‘சரந்தீபு’ என்னும் பழம்பெயர் இவ்வாறு ஒரு கல்லின் பெயரில் நிலைபெற்றது.

சபரகமுவையின் கருநிறக் கற்கள்

பாவா ஆதம் மலையின் அடிவாரத்தில் விரியும் சபரகமுவ மாகாணம் மணிக்கற்களுக்குப் புகழ் பெற்றது. அதன் தலைநகருக்கு இரத்தினபுரி என்று பெயர் அமைந்ததே அதற்குச் சான்று. ஆற்றுப் படுகைகளிலும் பள்ளத்தாக்குகளிலும் மண்ணுக்கு அடியில் கிடக்கும் மணிச் சரளைப் படுகையை அங்கே ‘இல்லம்’ என்பர். குழி தோண்டி, இல்லத்தை வெட்டி எடுத்து, கூடையிலிட்டு நீரில் சுழற்றி அரிப்பர். இலேசான மண்ணும் மணலும் நீரோடு போய்விடும். கனமான கற்கள் கூடையின் அடியில் தங்கும். அவற்றுள் நீலமும் கெம்பும் வைடூரியமும் தேடி எடுக்கப்படும். இம்மணிகளை வாங்கி விற்பதில் பேருவளை, காலி, கொழும்பு நகரங்களின் தமிழ் பேசும் முஸ்லிம் வணிகர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தவர்கள்.

இரத்தினபுரிக்கு அப்பால் உள்ள பலாங்கொடைப் பகுதியில், கூடையின் அடியில் தங்கிய கற்களிடையே சிறு சிறு கருநிறக் கற்களும் கிடைத்தன. கனசதுர வடிவம், நீரில் உருண்டு தேய்ந்த முனைகள், பெரும்பாலும் சில மில்லிமீட்டர் அளவு, மிகப் பெரியது ஒன்றரைச் சென்டிமீட்டர். ஒளி ஊடுருவாத இக்கற்களால் மணி வணிகர்க்குப் பயனில்லை. மோதிரத்தில் பதிக்க இயலாத கல்லுக்கு மணிக்கடையில் என்ன விலை?

ஆனந்த குமாரசாமி இக்கற்களை ஆராய்ந்தார். கருநிறம், கனசதுர வடிவம், மிகுந்த கனம், கதிரியக்கம் ஆகிய நான்கும் அவற்றில் இருந்தன. இந்நான்கும் ஒருங்கே பொருந்துவது, அன்று அறியப்பட்டிருந்த கனிமங்களுள் யுரேனினைட்டுக்கே. எனவே 1904இல் இதனை யுரேனினைட்டு என்றே முதலில் விவரித்தார். அதோடு அவர் நின்றிருந்தால் இக்கட்டுரைக்கு வேலையில்லை. மாதிரிகள் இலண்டனில் இருந்த இம்பீரியல் கல்விக் கழகத்திற்குச் சென்றன. அதன் இயக்குநர் விண்டாம் டன்ஸ்டன் வேதியியற் பகுப்பாய்வு செய்தார். அக்கல்லில் நூற்றுக்கு எழுபது பங்குக்கும் மேல் தோரியம் ஆக்சைடு இருந்தது. யுரேனியம் ஆக்சைடு ஏறத்தாழ 12 விழுக்காடே. உலகில் அதுவரை அறியப்படாத புதிய கனிமம் இது என்பது தெளிவாயிற்று. டன்ஸ்டன் இதற்குத் தோரியனைட்டு என்று பெயரிட்டு, 1904இல் ‘நேச்சர்’ இதழில் அறிவித்தார்.

முதல் முடிவு மாறியதற்குக் காரணம் பின்னாளில் விளங்கியது. யுரேனினைட்டும் தோரியனைட்டும் உள்ளமைப்பில் உடன்பிறப்புகள். ஒன்றில் யுரேனியம் இருக்கும் இடத்தில் மற்றொன்றில் தோரியம் அமர்ந்திருக்கும். இரண்டும் எவ்விகிதத்திலும் கலக்கும். யுரேனியம் மிகுந்தால் யுரேனினைட்டு. தோரியம் மிகுந்தால் தோரியனைட்டு. இவ்விரண்டையும் வெளித்தோற்றத்தைக் கொண்டு பிரித்தறிய எவராலும் இயலாது. வேதியியல் ஒன்றே தீர்ப்பளிக்கும்.

இனங்காணும் படிகள்

இவ்வரலாற்றிலிருந்து, ஓர் அரிய கனிமத்தை இனங்காண்பதற்குரிய படிகளை வரிசைப்படுத்தலாம்.

முதற்படி தோற்றம். நிறம், பளபளப்பு, படிக வடிவம் ஆகியவை இதில் அடங்கும். இப்படி மிகவும் எளியது. மிகவும் ஏமாற்றக்கூடியதும் இதுவே. கருமையும் கனமும் உள்ள கற்கள் நம் வட்டாரத்தில் ஏராளம். கஞ்சமலையின் காந்த இரும்புக்கல் கரியது. சித்தம்பூண்டிக் குரோமைட்டும் கரியது. பழங்காலத்தில் இரும்பு உருக்கிய இடங்களில் குவிந்து கிடக்கும் இரும்புக் கிட்டமும் கரியது, கனமானது. இவற்றுள் எதையும் யுரேனியக் கல் என்று காட்டி ஏமாற்ற இயலும்.

இரண்டாம் படி காந்தம். கல் காந்தத்தில் வலுவாக ஒட்டினால் அது காந்த இரும்புக்கல்லாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. ஒரு சிறு காந்தத் துண்டு பல பெரிய பேச்சுகளை முடித்து வைக்கும்.

மூன்றாம் படி கடினம். தோரியனைட்டின் கடினம் ஏறத்தாழ 7. அஃதாவது, கண்ணாடியைக் கீறும். படிகக்கல்லுக்கு நிகராக நிற்கும்.

நான்காம் படி ஒப்படர்த்தி. அல்பிரூனி காட்டிய வழி இதுவே. கல்லைக் காற்றில் ஒருமுறை நிறுக்க வேண்டும்; நூலில் கட்டி நீருக்குள் தொங்கவிட்டு ஒருமுறை நிறுக்க வேண்டும். காற்றில் 97 கிராம் நின்ற கல் நீரில் 87 கிராம் நின்றால், குறைவு 10 கிராம். 97ஐ 10ஆல் வகுக்க 9.7 கிடைக்கும். அதுவே அக்கல்லின் ஒப்படர்த்தி. சாதாரணப் படிகக்கல்லுக்கு இது 2.65, காந்த இரும்புக்கல்லுக்கு 5.2, ஈயத்தின் தாதுவான கலீனாவுக்கு 7.5. தோரியனைட்டுக்கோ 8 முதல் 9.7 வரை. கையில் எடுத்தவுடன் உருவத்திற்குப் பொருந்தாத கனம் தெரிவது இதனால்தான். பள்ளி ஆய்வுக்கூடத்துத் தராசே இச்சோதனைக்குப் போதும்.

ஐந்தாம் படி கதிரியக்கம். யுரேனியம் கண்ணுக்குத் தெரியாத கதிர்களை வீசுகிறது என்பதைப் பெக்கரல் 1896இல் ஒளிப்படத் தகட்டின் வழியாகக் கண்டறிந்தார். தோரியமும் அவ்வாறே கதிர் வீசும் என்பது 1898இல் தெரிய வந்தது. குமாரசாமியின் காலத்தில் ஒளிப்படத் தகடும் மின்காட்டியும் இதற்குப் பயன்பட்டன. பின்னர் கெய்கர் எண்ணி வந்தது. ஆயினும் கதிரியக்கம் இருப்பதாகக் கருவி காட்டுவது அக்கல் யுரேனியக் கல் என்பதற்குச் சான்றாகாது. சாதாரணக் கிரானைட்டுப் பாறையும் சிறிதளவு கதிர் வீசும். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலும் கதிர் வீசும். கதிர் உண்டா என்பதைக் கருவி சொல்லும். கல் யாது என்பதை அது சொல்லாது.

ஆறாம் படி வேதியியற் பகுப்பாய்வு. எந்தத் தனிமம் எவ்வளவு உள்ளது என்பதை இதுவே வரையறுக்கும். இன்று எக்ஸ்கதிர்க் கருவிகள் இப்பணியை விரைவில் முடிக்கின்றன. முதல் ஐந்து படிகளும் ஐயத்தைக் குறைக்கும். ஆறாம் படியே ஐயத்தைத் தீர்க்கும். குமாரசாமியின் கல் யுரேனினைட்டு என்னும் பெயரை விட்டுத் தோரியனைட்டு என்னும் பெயர் பெற்றது இப்படியில்தான்.

அன்றைய சந்தையின் மதிப்பு

இனி விலையைப் பார்ப்போம். மணிக்கடையில் விலையில்லாத இக்கல்லை 1904இல் உலகம் தேடியது ஏன்? காரணம் யுரேனியம் அன்று, விளக்கு.

ஆஸ்திரிய வேதியியலர் அவுவர் ஃபான் வெல்ஸ்பாக், 1891இல் தோரியம் ஆக்சைடு 99 பங்கும் சீரியம் ஆக்சைடு ஒரு பங்கும் கலந்து, வெண்ணிறத்தில் ஒளிரும் விளக்கு வலையை உருவாக்கினார். நம் ஊர்த் திருமண வீடுகளிலும் கந்தூரி விழாக்களிலும் தலைச்சுமையாக வந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டில் இவ்வலையின் வழிவந்ததே. ஐரோப்பிய நகரங்களின் தெருக்களையெல்லாம் வாயு விளக்குகள் ஒளிரச் செய்த அக்காலத்தில், தோரியத்திற்குப் பெருந்தேவை இருந்தது. நூற்றுக்கு எழுபது பங்கு தோரியம் ஆக்சைடு கொண்ட கல் என்றால் விளக்கு வலை செய்வோர் விடுவார்களா? தோரியனைட்டு கப்பலேறியது.

ஆயினும் சந்தையின் மதிப்பு நிலையற்றது. மணிச் சரளையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடைக்கும் கல்லை நம்பித் தொழில் நடத்த இயலாது. ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானியர் 1909இல் திருவிதாங்கூர்க் கடற்கரை மணலில் மோனசைட்டைக் கண்டறிந்தார். இறக்குமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலே அவருக்கு வழிகாட்டியது என்பர். மோனசைட்டில் தோரியம் ஆக்சைடு நூற்றுக்கு 8 அல்லது 9 பங்குதான். ஆனால் மணவாளக்குறிச்சியில் அது அள்ளக் குறையாமல் கிடந்தது. அருமை வேறு, அளவு வேறு. தொழிற்சாலைக்குத் தேவை அளவே. பின்னர் மின்விளக்கு பரவியது. வாயு விளக்கின் தேவை சுருங்கியது. ஒரே கல்லின் விலை, சில பத்தாண்டுகளுக்குள் ஏறி இறங்கியதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

அறிவுலகின் மதிப்பு

சந்தை கைவிட்டாலும் அறிவுலகம் இக்கல்லைக் கைவிடவில்லை. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிப் பேராசிரியர் சர் வில்லியம் இராம்சே, தோரியனைட்டை வாங்கி ஆராய்ந்தார். ஒரு கிராம் கல்லைச் சூடாக்கினால் ஏறத்தாழ 9 கன சென்டிமீட்டர் ஹீலியம் வாயு வெளிவந்தது. கல்லுக்குள் வாயு எங்கிருந்து வந்தது? யுரேனியமும் தோரியமும் சிதையும்போது வெளிப்படும் ஆல்ஃபா துகள்களே ஹீலியமாகக் கல்லுக்குள் சிறைப்பட்டிருந்தன என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

அவ்வாறாயின், சேர்ந்துள்ள வாயுவை அளந்தால் கல்லின் வயதைக் கணிக்கலாமன்றோ? இராபர்ட் ஸ்ட்ரட் என்னும் ஆங்கிலேய இயற்பியலர் இலங்கைத் தோரியனைட்டைக் கொண்டு 1910இல் அதைச் செய்தார். அக்கல்லின் வயது குறைந்தது 28 கோடி ஆண்டு என்றார். பூமியின் வயதே 2 கோடி முதல் 4 கோடி ஆண்டு என்று கெல்வின் பிரபு 1897இல் கூறியிருந்ததை எண்ணினால், இச்சிறு கல் எத்தகைய புரட்சியைச் செய்தது என்பது புலனாகும். ஹீலியத்தில் ஒரு பகுதி கசிந்து போயிருக்கும் ஆதலின் ஸ்ட்ரட் ‘குறைந்தது’ என்றார். இலங்கையின் அம்மலைநாட்டுப் பாறைகள் கடும் வெப்பத்தில் உருமாறிய காலம் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் என்று பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன.

இதனினும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. ஜெர்மனியிலிருந்து 1904இல் இலண்டன் வந்து இராம்சேயிடம் சேர்ந்தார் ஓட்டோ ஹான் என்னும் இளைஞர். தொழிற்சாலை வேலைக்கு ஆங்கிலம் பழக வந்தவர்; கதிரியக்கம் பற்றி முன்பயிற்சி இல்லாதவர். இலங்கைத் தோரியனைட்டிலிருந்து பிரித்த உப்பை அவர் கையில் கொடுத்து, அதிலிருந்து ரேடியத்தைத் தூய்மைப்படுத்துமாறு இராம்சே பணித்தார். அப்பணியின்போது ஹான், 1905இல், ரேடியோதோரியம் என்னும் புதிய கதிரியக்கப் பொருளைக் கண்டறிந்தார். தொழிற்சாலை ஒரு வேதியியலரை இழந்தது. அறிவியல் ஓர் ஆய்வாளரைப் பெற்றது. அதே ஹான், 1938இல், ஸ்ட்ராஸ்மனுடன் சேர்ந்து யுரேனிய அணு பிளவுபடுவதைக் கண்டார். லிசே மைட்னரும் ஃபிரிஷும் அதன் பொருளை விளக்கினர். 1944ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு ஹானுக்கு வழங்கப்பட்டது. யுரேனியத்தை உலக நாடுகள் போட்டியிட்டுத் தேடும் பொருளாக்கியது அக்கண்டுபிடிப்பே. அந்த நெடுவழியின் தொடக்கத்தில் பலாங்கொடையின் மணிச் சரளையில் கிடந்த கருநிறக் கல் நிற்கிறது.

இன்றைய மதிப்பு

யுரேனியம் இத்துணைச் சிறப்புடையதாயின், யுரேனியக் கல் கோடி ரூபாய் பெறாதோ என்று சிலர் கேட்கலாம். கணக்கிட்டே பார்த்துவிடுவோம்.

ஒருவரிடம் ஒரு கிலோ தூய தோரியனைட்டு உள்ளதாகக் கொள்வோம். அதில் யுரேனியம் ஆக்சைடு 12 விழுக்காடு. அஃதாவது 120 கிராம். உலகச் சந்தையில் யுரேனியம் ஆக்சைடு பவுண்டுக் கணக்கில் விற்கப்படுகிறது. ஒரு பவுண்டு 454 கிராம். 2007இல் விலை உச்சத்திலிருந்தபோது ஒரு பவுண்டு 140 டாலரைத் தொடவில்லை. 2016இல் 20 டாலர் அளவுக்கு இறங்கியது. தாராளமாக 100 டாலர் என்றே கொண்டாலும், 120 கிராமின் விலை 26 டாலர். நம் பணத்தில் இரண்டாயிரத்துச் சில நூறு ரூபாய். கல்லை உடைத்து, கரைத்து, பிரித்தெடுக்கும் செலவு இதைவிடப் பன்மடங்காகும். உலகின் மிக அரிய கனிமங்களுள் ஒன்றுக்கே கணக்கு இதுவென்றால், பெட்டிக்குள் வைத்துத் துணியால் மூடிக் காட்டப்படும் கல்லுக்குக் கோடி எங்கிருந்து வரும்?

யுரேனியத்தின் மதிப்பு சுரங்கத்தின் மதிப்பு. ஜார்க்கண்டின் ஜாதுகுடாச் சுரங்கத்தில் ஆயிரம் கிலோ பாறையை அரைத்தால் ஒரு கிலோவுக்கும் குறைவான யுரேனியமே கிடைக்கிறது. இலட்சக்கணக்கான டன் பாறை, ஆலை, வல்லுநர், பாதுகாப்பு ஏற்பாடு ஆகிய அனைத்தும் கூடினால்தான் அது செல்வமாகும். தனிக்கல் செல்வமாகாது.

சட்டத்தின் நிலையையும் அறிதல் வேண்டும். யுரேனியமோ தோரியமோ ஓரிடத்தில் உள்ளதைக் கண்டறிந்தவர் மூன்று மாதத்திற்குள் அரசுக்கு எழுத்து வாயிலாகத் தெரிவிக்க வேண்டும் என்று 1962ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டமே விதித்திருந்தது. அரசின் உரிமமின்றி இதனைத் தோண்டவோ விற்கவோ எவருக்கும் இடமில்லை. எனவே, மறைவாக விற்றுத் தருகிறேன், வெளிநாட்டார் வாங்கக் காத்திருக்கின்றனர், சோதனைக் கட்டணம் மட்டும் முன்பணமாகக் கொடுங்கள் என்று ஒருவர் கூறினால், அவர் பேச்சில் உண்மையிருந்தால் அது குற்றம். பொய்யிருந்தால் அது மோசடி. இரண்டிலும் நமக்குப் பங்கு வேண்டா.

உடல்நலமும் எண்ணத்தக்கது. கதிரியக்கக் கல்லை வீட்டில் வைத்திருப்பதும், குழந்தைகள் கையில் கொடுப்பதும், உடைத்துத் தூளாக்குவதும் தீங்கு தரும். அதன் தூளும் அதிலிருந்து கசியும் வாயுவும் மூச்சின் வழியே உட்சென்றால் நுரையீரலுக்குக் கேடு. மருந்தென்று சொல்லி உரைத்துக் கொடுப்போரை அண்ட விடலாகாது.

நம் நிலத்தில்

இவ்வளவும் கூறுவதால் நம் நிலத்தில் அரிய கனிமமே இல்லை என்பது பொருளன்று. சேலத்திற்கு வடக்கே, திருப்பத்தூரை அடுத்த சேவத்தூரில் கார்பனடைட்டு என்னும் அரிய பாறை உண்டு. நயோபியமும் யுரேனியமும் கொண்ட பைரோகுளோர் என்னும் கனிமம் அப்பாறையில் இருப்பதை நிலவியலார் கண்டறிந்து விரிவாக ஆராய்ந்துள்ளனர். சேலம் மாவட்டத்துப் பக்கநாட்டிலும் கார்பனடைட்டுப் பாறைகள் உள்ளன. அங்கே மோனசைட்டு காணப்படுகிறது. இவற்றைக் கண்டவர்கள் வரைபடமும் சுத்தியலும் கருவியும் கொண்டு, வெயிலில் நடந்து, மாதிரி எடுத்து, ஆய்வுக்கூடத்தில் சோதித்து எழுதினர். அவ்வெழுத்து எவரும் படித்துச் சரிபார்க்கக் கூடியதாக உள்ளது. மறைவில் வாழ்வது மோசடி. வெளிச்சத்தில் வாழ்வது அறிவியல்.

இந்தியாவில் இவ்வகைத் தேடலை முறைப்படுத்தியவர் தாராஷா வாடியா. அவர் 1938 முதல் 1944 வரை இலங்கை அரசின் கனிமவியலராகப் பணியாற்றியவர். குமாரசாமி நடந்த மலைநாட்டில் தாமும் நடந்தவர். விடுதலைக்குப் பின் அணுக் கனிமங்களைத் தேடுவதற்கென 1949இல் தோன்றிய அமைப்பு அவர் தலைமையில் வளர்ந்தது. ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அணுக் கனிம இயக்குநரகமாக அது இன்று விளங்குகிறது. ஐயத்திற்குரிய கல் எவர் கையிலேனும் கிடைக்குமாயின், அருகிலுள்ள அரசு நிலவியல் அலுவலகத்திற்கோ கல்லூரி நிலவியல் துறைக்கோ தெரிவிப்பதே நேர்வழி. அதற்குக் கல்லின் படமும் கிடைத்த இடத்தின் குறிப்பும் போதும்.

முடிவுரை

தோரியனைட்டின் வரலாறு மூன்று உண்மைகளைத் தெளிவாக்குகிறது. முதலாவது, கண்ணுக்குப் பட்டதைக் கொண்டு முடிவு கட்டாமல், நிறுத்தும் அளந்தும் பகுத்தும் பார்த்த பின்னரே ஒரு கல்லுக்குப் பெயர் சூட்ட வேண்டும். தேர்ந்த அறிஞரான ஆனந்த குமாரசாமி சொன்ன பெயரே பகுப்பாய்வின் முன் மாறியது. அதனால் அவர் புகழ் குறையவில்லை. கல்லின் புகழ் கூடியது. 1906இல் இலண்டன் பல்கலைக்கழகம் அவருடைய இலங்கை நிலவியல் ஆய்வுகளுக்காக அறிவியல் முனைவர் பட்டம் வழங்கியது.

இரண்டாவது, விலை என்பது கல்லுக்குள் பிறவியிலேயே அமைந்த பண்பன்று. காலமும் தேவையும் அளவும் சேர்ந்து அதை முடிவு செய்கின்றன. விளக்குக்காக ஏறிய விலை விளக்கு மாறியதும் இறங்கியது.

மூன்றாவது, சந்தையில் விலை போகாத பொருளும் அறிவின் கையில் பெருமதிப்புப் பெறும். பூமியின் வயதைத் திருத்தியதும், ஓர் இளைஞரை அணு ஆய்வின் பக்கம் திருப்பியதும் அக்கல்லின் உண்மையான விளைச்சல். அவ்விளைச்சலை எந்த இடைத்தரகரும் விற்றுத் தந்திருக்க இயலாது.

நம் மாணவச் செல்வங்கள் பலர், தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். வீட்டிற்கு ஒருவன் கல்லைக் கொண்டுவந்து கோடி என்று சொல்லும்போது, பெற்றோரும் பெரியோரும் திரும்பிப் பார்ப்பது படித்த அப்பிள்ளையின் முகத்தைத்தான். அப்போது ஒரு காந்தத் துண்டையும் ஒரு தராசையும் ஒரு குவளை நீரையும் கொண்டுவரச் சொல்லுங்கள். கணக்கைத் தாளில் எழுதிக் காட்டுங்கள். வந்தவன் அதற்கு உடன்பட மாட்டான்; எழுந்து போய்விடுவான். குடும்பத்தின் நிலமும் நகையும் வீட்டிலேயே நிற்கும். கல்வியால் அன்று அக்குடும்பம் பெற்ற பயனுக்கு வேறு உரைகல் வேண்டுவதில்லை.